‘கேங்ஸ்டர்’ என்ற ஒரு சொல்லால் கொலை வழக்கை மூடிவிடலாமா?



ஒரு நாள் காலை குளுவாங் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். 19 வயது மகனை முதல் நாள் இரவு பிடித்துப் போயிருந்தார்கள். அன்று ரிமாண்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாற்றிக்கொள்ள ஒரு சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். பையிலிருந்து சட்டையை எடுத்து விரித்துக் காட்டினார். தலையில் துணி கட்டிய ஒரு கறுப்பின இளைஞரின் முகம்.

“லாயர் சார், இது யாரு சார்? இந்தப் படத்தப் பாத்துட்டு ‘ஒம்மவனும் கேங்ஸ்டர்தான்’னு சொல்லிட்டாங்க. நான் ஏதோ பாட்டுக்காரன்னு நெனச்சு பசார் மாலாமுல வாங்கிக் குடுத்தேன் சார்.”

“பாட்டுக்காரர்தான் அக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அதற்கு மேல் பேச அன்று நேரமில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். அந்தச் சட்டையில் இருப்பவரின் கதை நம் வீட்டுக் கதையும்தான்.

அந்தச் சட்டையில் இருப்பவர் யார்?

அவர் பெயர் துப்பாக் ஷாக்கூர். 1971 ஜூன் 16-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவருடைய தாய் அஃபெனி ஷாக்கூர், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர். குண்டு வைக்கச் சதி செய்தார்கள் என்று 21 பேர் மீது வழக்குப் போட்டார்கள். அஃபெனியும் அதில் ஒருவர். வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல், தானே எழுந்து வாதாடினார். 1971 மே மாதம் விடுதலையானார். அடுத்த மாதம் துப்பாக் பிறந்தார்.

அப்படிப்பட்ட தாயின் மகன் வறுமையைப் பாடினார், போலீஸ் அடியைப் பாடினார், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களைப் பாடினார். கூடவே துப்பாக்கியையும் சண்டையையும் பாடினார். அவர் ஒன்றும் புனிதர் அல்ல. 1995-இல் பாலியல் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர். இதை நான் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் நான் சொல்ல வருவதே பொய்யாகிவிடும்.

1996 செப்டம்பர் 7 இரவு. லாஸ் வேகாஸ் நகரில் மைக் டைசனின் குத்துச்சண்டையைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, துப்பாக்கும் அவருடன் இருந்தவர்களும் ஹோட்டலிலேயே ஒருவரைப் போட்டு அடித்தார்கள். அது கேமராவில் பதிவானது. பிறகு காரில் போகும்போது, போக்குவரத்து நெரிசலான ஒரு சந்திப்புக்கு அருகில் இன்னொரு கார் பக்கத்தில் வந்து நின்றது. அதிலிருந்து சுட்டார்கள். ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 13-இல் துப்பாக் இறந்தார். வயது 25.

ஊரே விழித்திருக்கிற ஒரு தெரு. பின்னால் சொந்த ஆட்களின் கார்கள் வரிசையாக வருகின்றன. இருந்தும் அந்தக் கொலைக்காக ஒருவரைக் கைது செய்ய எத்தனை ஆண்டு பிடித்தது தெரியுமா? 27 ஆண்டுகள்! 2023 செப்டம்பரில்தான் டுவேன் டேவிஸ் என்பவரைப் பிடித்தார்கள். தான் குற்றவாளி இல்லை என்கிறார் அவர். அவரை வளைத்த முக்கியமான ஆதாரம் எது? அவரே புத்தகம் எழுதினார், பேட்டிகளில் பேசினார். சுட்ட காரில் தானும் இருந்ததாக அவரே ஊருக்குச் சொன்னார். சம்பந்தப்பட்ட ஆள் தன் கதையை விற்க ஆரம்பித்த பிறகுதான் வழக்கு நகர்ந்தது என்றால், அதுவரை அந்தக் கோப்பு எங்கே தூங்கியது?

இன்னொரு தாய்

துப்பாக் செத்து ஆறு மாதம் முடியவில்லை. 1997 மார்ச் 9-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இன்னொரு ராப் பாடகரைச் சுட்டுக் கொன்றார்கள். மேடையில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. அம்மா வைத்த பெயர் கிறிஸ்டோஃபர் வாலஸ். வயது 24. ஒரு விருந்து முடிந்து வெளியே வந்து, சிவப்பு விளக்குக்காக கார் நின்றிருந்த நேரம். இந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை.

அவருடைய தாய் வொலெட்டா வாலஸ், ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்தவர். பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளையின் தந்தை விட்டுப் போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். போலீஸ்காரர்கள் சிலருக்கே இந்தக் கொலையில் தொடர்பு இருக்கலாம் என்று வழக்கை விசாரித்த ஒரு துப்பறிவாளர் சந்தேகப்பட்டார். மேலே போக விடவில்லை என்று சொல்லி 1999-இல் வேலையையே விட்டுவிட்டார். 2002-இல் அந்தத் தாயும் குடும்பத்தாரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மீதே வழக்குப் போட்டார்கள்.

2005-இல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது என்ன வெளியே வந்தது தெரியுமா? அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்திருக்க வேண்டிய ஆவணங்களைப் போலீஸ் கொடுக்காமல் வைத்திருந்தது. வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள் என்று நீதிபதி கண்டார். விசாரணையை அப்படியே நிறுத்தினார். குடும்பத்தின் வழக்குச் செலவுக்காக 11 லட்சம் டாலர் கொடுக்கும்படி 2006 ஜனவரியில் நகரத்துக்கு உத்தரவிட்டார். பிறகு 2010-இல் வழக்கு தள்ளுபடியானது. போலீஸ் சம்பந்தப்பட்டது என்று நிரூபணமாகவில்லை. அதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஆவணம் மறைக்கப்பட்டது நிரூபணமானது. மறைத்தால்தான் காப்பாற்ற முடியும் என்கிற ஏதோ ஒன்று அதில் இருந்தது என்றுதானே நாம் நினைப்போம்?

வொலெட்டா வாலஸ் 2025 பிப்ரவரியில் காலமானார். 28 ஆண்டுகள் காத்திருந்தார். மகனைக் கொன்றவன் யார் என்று எந்த நீதிமன்றமும் அவருக்குச் சொல்லவில்லை.

கதவுக்கு இரண்டு பூட்டு

“கொலையாளி கிடைக்கவில்லை” என்பார்கள். தொலைந்துபோன மாடா, கிடைக்காமல் போவதற்கு? என் கணிப்பில், இந்தக் கொலைகளின் மீது இரண்டு பூட்டுப் போட்டார்கள்.

முதல் பூட்டு அதிகாரம் போட்டது. “ராப் பாடுகிறவன், கேங்ஸ்டர் சகவாசம், ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்கிறார்கள்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்திரிகை அதை எழுதும். ஊர் தலையாட்டும். ‘எப்படியும் ஒரு நாள் இப்படித்தான் சாவான்’ என்று முடிவு கட்டியாகிவிட்டது. அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்?

இரண்டாவது பூட்டைப் போட்டது தெரு. துப்பாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டியவர் அவருடைய இசை நிறுவனத்தின் முதலாளி. கொலையாளி யாரென்று தெரிந்தாலும் போலீசிடம் சொல்லமாட்டேன் என்று தொலைக்காட்சியிலேயே பேசினார். ‘காட்டிக் கொடுக்காதே’ என்பது அவர்கள் தெருவின் சட்டம். பெரிய வீரமாகத்தான் தெரியும். ஆனால் அந்த மௌனத்தால் யாருக்கு லாபம்? சுட்டவனுக்கு லாபம். வேலை செய்யாத போலீசுக்கும் லாபம். “சாட்சி வரவில்லை, நாங்கள் என்ன செய்வது?” என்று கை விரித்துவிடலாமே!

மூன்றாவதாக, பூட்டிய கதவுக்கு முன்னால் கடை போட்டவர்கள் இருக்கிறார்கள். நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. இறந்து 16 நாளில் அவருடைய இரட்டை ஆல்பம் சந்தைக்கு வந்தது. துப்பாக்கின் உருவத்தை 2012-இல் ஒளியால் உண்டாக்கி மேடையில் ஆடவிட்டார்கள். சட்டை, போஸ்டர், ‘துப்பாக் சாகவில்லை, ஒளிந்திருக்கிறார்’ என்ற கதைகள் எல்லாமே விற்றன. மர்மம் தீராதவரை வியாபாரம் நடக்கும். தாய்க்குத்தான் மர்மம் வேண்டாம், விடை வேண்டும்.

பஞ்சாபில் ஒரு தந்தை

“அது அமெரிக்கா, நமக்கென்ன?” என்பீர்கள். இந்தியாவுக்கு வாருங்கள்.

பஞ்சாப் மாநிலம், மான்சா மாவட்டம், மூசா கிராமம். அந்த ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட ராப் பாடகர் சித்து மூசேவாலா. துப்பாக்கின் பெரிய ரசிகர். துப்பாக்கின் கடைசிப் பயணத்தை நினைத்து 2022 மே மாதத்தில் ஒரு பாட்டே வெளியிட்டார். அதே மாதம் 29-இல் அவரும் தன் வண்டியில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 28. அதற்கு முதல் நாள்தான் மாநில அரசு 424 பேருக்குக் கொடுத்திருந்த போலீஸ் பாதுகாப்பைக் குறைத்திருந்தது. அவர்களில் இவரும் ஒருவர். அந்தப் பட்டியல் வெளியே கசிந்தும் விட்டது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கொலை நடந்த அன்றே மாநிலப் போலீஸ் தலைவர், கும்பல்களுக்கு இடையிலான பகை போலத் தெரிகிறது என்று பேசினார். தந்தை பல்கௌர் சிங் என்ன செய்தார்? பிணத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. என் மகனைக் கும்பல்காரன் ஆக்காதே, மன்னிப்புக் கேள் என்று முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மறுநாளே போலீஸ் தலைவர், நான் அவரைக் கேங்ஸ்டர் என்று சொல்லவில்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று!

மூசேவாலாவும் துப்பாக்கியைக் கொண்டாடிப் பாடியவர்தான். அதற்காக அவர் மீது வழக்கும் இருந்தது. ஆனால் அந்தத் தந்தைக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அந்த ஒரு சொல்லை ஒட்டவிட்டால் வழக்கு அன்றைக்கே செத்துவிடும். அவர் அதை ஒட்டவிடவில்லை. அதனால்தான் ஆட்களைத் தேடினார்கள், பிடித்தார்கள். அப்படியும் குற்றச்சாட்டுப் பதிவு செய்ய 2024 மே வரை இழுத்தது. சுட்டவர்கள் என்று தேடப்பட்ட இருவர் போலீசுடன் நடந்த மோதலில் செத்துப்போனார்கள். அவர்களோடு அவர்களுக்குத் தெரிந்த உண்மையும் போயிற்று. நீதி இன்னும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் கதவு பூட்டப்படவில்லை.

நம் வீட்டில் நடந்தது

இனி நம் நாடு. இங்கே கொல்லப்பட்ட ராப் பாடகரைத் தேட வேண்டாம். அதே சொல்லால் மூடப் பார்த்த சாவுகள் நம்மிடம் இருக்கின்றன.

2009 ஜனவரி. அ. குகன் என்ற இளைஞரை, கார் திருட்டு என்ற சந்தேகத்தில் பிடித்தார்கள். ஜனவரி 20-இல் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலிலேயே இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது. உறவினர்கள் பிணவறைக்குள் நுழைந்து, மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார்கள். உடம்பு முழுக்கக் காயம். படம் எடுத்தார்கள். இரண்டாவது பரிசோதனை கேட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த அந்தப் பரிசோதனையில் 45 வகைக் காயங்கள் பதிவாயின. அடிபட்டுச் சிறுநீரகம் செயலிழந்ததே காரணம் என்று தெரிந்தது.

அந்த நேரத்தில் அன்றைய உள்துறை அமைச்சர் என்ன பேசினார்? குற்றவாளிகளை வீரர்களாகவும் போலீசைப் பேய்களாகவும் காட்டாதீர்கள் என்ற பொருளில் பேசினார். குகன் மீது ஒரு நீதிமன்றமும் குற்றம் நிரூபிக்கவில்லை. யார் குற்றவாளி? செத்தவன் வந்து மறுக்க மாட்டான் என்ற தைரியமா?

அந்தக் குடும்பம் விடவில்லை. ஒரு போலீஸ்காரருக்கு மூன்று ஆண்டு சிறை கிடைத்தது. கொலைக்கு அல்ல, காயம் விளைவித்ததற்கு. தாயார் தொடுத்த வழக்கில் 2013-இல் உயர் நீதிமன்றம் போலீசும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் தொகை குறைந்தது. பொறுப்பு குறையவில்லை.

அதே 2013 மே மாதம், கோலாலம்பூர் போலீஸ் தலைமையகத்தில் ந. தர்மேந்திரன் இறந்தார். நான்கு போலீஸ்காரர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. நால்வரையும் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அப்படியானால் அவரைக் கொன்றது யார்? லாஸ் ஏஞ்சல்ஸ் தாயின் கேள்வி இங்கேயும் அப்படியே நிற்கிறது.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 ரகசியக் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. மொத்தம் சுமார் 40,000 பேர், அவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்கள் என்றது. நாட்டில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு. தோட்டத்திலிருந்து விரட்டியபோது வீடு கொடுக்காதவர்கள், பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி இடம் கொடுக்காதவர்கள், கணக்கெடுப்பில் மட்டும் நமக்கு முதலிடம் கொடுத்தார்கள்! அந்த எண்ணிக்கையில் உண்மை இருந்தால் அது இந்த நாட்டின் தோல்வி. ஆனால் அது நடைமுறையில் எதற்குப் பயன்பட்டது? நம் பிள்ளை ஒவ்வொருவனும் பிறக்கும்போதே பாதி கேங்ஸ்டர் என்று நினைக்க வைப்பதற்குத்தான்.

நம் குளுவாங் மாவட்டத்திலேயே இருக்கிறது சிம்பாங் ரெங்காம். அவசரகாலச் சட்டம் இருந்த காலத்தில், விசாரணையே இல்லாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாக ஆட்களை அடைத்து வைத்த இடம். அந்தச் சட்டம் போன பிறகு, குற்றத் தடுப்புச் சட்டத்தை 2013-இல் திருத்தி அதே வழியைத் திரும்பத் திறந்தார்கள். ஆதாரம் தேட வேண்டாம், சொல் போதும் என்பதுதான் அந்தச் சட்டங்களின் உயிர்நாடி.

தம்பிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை

ராப் கேட்காதே என்று நான் சொல்லமாட்டேன். இந்த நாட்டில் தமிழில் ராப் பாட முடியும் என்று 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தில் யோகி பி-யும் நட்சத்ராவும் காட்டினார்கள். தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. அது நம் பெருமை.

ஆனால் துப்பாக்கிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறாய்? அவர் தலையில் கட்டிய துணியையா, அவர் தாய் நீதிமன்றத்தில் எழுந்து நின்ற தைரியத்தையா? கூட்டத்தில் சேர்ந்தால் கெத்து என்று நினைக்கிறாய். துப்பாக்கைச் சுற்றி நின்ற அத்தனை பேரில் எத்தனை பேர் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள்? உன் ‘அண்ணன்’ உன் சாவுக்கு மாலை வாங்கி வருவான், பேனர் அடிப்பான். நீதிமன்றக் கூண்டில் ஏறமாட்டான். அங்கே ஏறப்போவது உன் அம்மா மட்டும்தான்.

பெற்றோர்களே, இதை எழுதி வையுங்கள்

முதலில் நாம் திருந்த வேண்டும். அடுத்த வீட்டுப் பையன் செத்தால், “அவன் கூட்டத்துல இருந்தானாம், அதான்” என்று சொல்வது யார்? நாம்தான். போலீஸ் சொல்வதற்கு முன்னால் நாமே முத்திரை குத்திவிடுகிறோம். செத்தவன் நல்லவனா கெட்டவனா என்பது கொலை வழக்கில் கேள்வியே அல்ல. யார் கொன்றார்கள் என்பது மட்டும்தான் கேள்வி. கெட்டவன் என்றால் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்கட்டும். சாகடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்து, சட்டத்தில் உங்களுக்கு இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளையைப் பிடித்துவிட்டால், உறவினருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைப் பார்க்கவும் அவனுக்கு உரிமை உண்டு. பணம் இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தேசிய சட்ட உதவி அறவாரிய வழக்கறிஞர்கள் ரிமாண்டுக்கே இலவசமாக வருவார்கள். கேளுங்கள்.

காவலில் சாவு நடந்துவிட்டால், மரண விசாரணை நடத்துவது சட்டப்படி கட்டாயம். அது யாரும் போடும் பிச்சை அல்ல. குடும்பத்தின் சார்பில் வழக்கறிஞரோடு போய் உட்காருங்கள்.

உடலை வாங்கியதும் அவசரப்பட்டுத் தகனம் செய்யாதீர்கள். பார்க்க வேண்டிய இடமெல்லாம் பாருங்கள், படம் எடுங்கள், சந்தேகம் இருந்தால் இரண்டாவது பரிசோதனை கேளுங்கள். சடங்கு இரண்டு நாள் தள்ளிப்போனால் பிள்ளையின் ஆத்மா கோபித்துக்கொள்ளாது. சாம்பலான பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

போலீஸ் புகார் செய்து நகலை வாங்கி வையுங்கள். அரசு மீது வழக்குப் போட 36 மாதம்தான் கெடு. “கேஸ் நடக்குது, பொறுங்க” என்று யாராவது சொன்னால் நாட்காட்டியைப் பாருங்கள்.

தெருவில் ஒரு கொலையைப் பார்த்தவர்கள் நீங்கள் என்றால், தனியாகப் போகப் பயம் என்றால், வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு போய்ச் சாட்சி சொல்லுங்கள். பயம் நியாயமானது. ஆனால் நம் வாயை நாமே பூட்டிக்கொண்டு நீதி கேட்க முடியாது.

நம் கதையிலேயே இருக்கிறது

இதெல்லாம் நமக்குப் புதிதா? கோவலனைக் கொன்றது எது? ‘கள்வன்’ என்ற ஒரு சொல். ஒரு பொற்கொல்லன் சொன்னான், மன்னன் விசாரிக்கவில்லை, தலை போனது. கண்ணகி என்ன செய்தாள்? ஊரை எரித்ததைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் அவள் செய்தது வேறு. கையில் மற்றொரு சிலம்போடு அரசவைக்குப் போனாள். ஆதாரத்தை உடைத்துக் காட்டினாள். சொல் பொய்யாயிற்று, மன்னன் வீழ்ந்தான். நெருப்பு வேண்டாம் சொந்தங்களே, அந்தச் சிலம்பு போதும். புகார் நகல், புகைப்படம், மருத்துவ அறிக்கை, சாட்சி. நம் கையில் இருக்க வேண்டிய சிலம்பு இதுதான்.

அஃபெனியும் வொலெட்டாவும் பல்கௌர் சிங்கும் குகனின் தாயாரும் படித்துப் பட்டம் வாங்கி இதைச் செய்யவில்லை. ‘என் பிள்ளையை நீ என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய்?’ என்று கேட்டார்கள், அவ்வளவுதான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

அந்தக் குளுவாங் தாயின் மகன் பிறகு வெளியே வந்துவிட்டான். குற்றச்சாட்டு ஏதும் இல்லை. “அந்தச் சட்டையை என்ன சார் செய்யறது, எரிச்சுடவா?” என்று கேட்டார். வேண்டாம் அக்கா, துவைத்து மடித்து வையுங்கள் என்றேன். யாராவது மறுபடி அதைக் காட்டிக் ‘கேங்ஸ்டர்’ என்றால், “இவரைக் கொன்றவனைப் பிடிக்க 27 வருஷம் ஆச்சாமே, ஏன்?” என்று திருப்பிக் கேளுங்கள்.

கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம்!

உரிமையுடன்,
உங்கள் குளுவாங் வழக்கறிஞர்